மொய் நோட்டின் ஓரத்தில்

நேயர்களுக்கு வணக்கம். கல்யாணச் சடங்குகளைப் பற்றிப் பேச வேண்டும் என்று அழைத்தார்கள். தாலியைப் பற்றியும் மாலையைப் பற்றியும் பேசப் பலர் இருக்கிறார்கள். நான் உங்களைப் பந்தல் வாசலில் இருக்கும் மொய் மேசைக்குக் கூட்டிப்போகிறேன். எந்த ஊர்க் கல்யாணத்துக்குப் போனாலும் என் கண் முதலில் போவது அங்கேதான்.

உங்களுக்குத் தெரியாததா? ஒருவர் பணத்தை எண்ணி மஞ்சப்பையில் போடுவார், பக்கத்தில் இருப்பவர் எழுதுவார். "எந்த ஊரு, யார் மகன்?" பிள்ளையார் சுழிக்குக் கீழே எங்கள் பக்கம் முதல் வரி குலதெய்வத்தின் பெயரில். நூறு கொடுக்க மாட்டோம், 101 கொடுப்போம். பூஜ்யத்தில் போய் முடிந்துவிடக் கூடாது, உறவு மேலே தொடர வேண்டும் என்று அந்த ஒற்றை ரூபாய்.

இந்த எண் பார்க்கும் பழக்கம் நம்மோடு நிற்கவில்லை. ஜப்பானில் நண்பர்கள் வழக்கமாக வைப்பது 30,000 யென். முன்னால் நிற்கும் எண் மூன்றுபோல இரண்டாகப் பிரியாததாக வேண்டும், மணமக்கள் பிரியக் கூடாது. புதுத் தாளாகத் தேடி எடுத்து வைப்பார்கள். துக்க வீட்டுக்கு என்றால் புதுத் தாளைத் தவிர்ப்பார்கள், முன்கூட்டியே தயாராக இருந்ததுபோல ஆகிவிடுமே! உறையின் மேல் கயிற்றால் ஒரு முடிச்சு. கல்யாண உறைக்குப் போடுவது அவிழ்க்க முடியாத முடிச்சு, கல்யாணம் ஒருமுறைதான் என்று. குழந்தை பிறந்ததற்குக் கொடுக்கும் உறையில் அவிழ்த்துக் கட்டக்கூடிய முடிச்சு, அது திரும்பத் திரும்ப வரலாம் என்று. பக்கத்திலேயே சீனர்களிடம் கணக்கு தலைகீழ். சிவப்பு உறையில் இரட்டைப்படை வேண்டும், மங்கலம் ஜோடியாக வர வேண்டும். ஆனால் நான்கு மட்டும் ஆகாது, அந்த ஒலி சாவு என்ற சொல்லை நினைவூட்டும். ஒற்றையோ இரட்டையோ, ஆசை ஒன்றுதான், பாருங்கள்.

சரி, நோட்டுக்கு வருகிறேன். அப்பா இறந்தபின் டிரங்குப் பெட்டியில் மூன்று மொய் நோட்டுகள் கிடைத்தன. 1972இல் அத்தை கல்யாணத்துக்கு எழுதியது ஒன்று. நீள நோட்டு, ஓரமெல்லாம் பூச்சி அரித்தது. திருப்பிச் செய்த மொய்க்கெல்லாம் அப்பா கோடு போட்டு, "79 காதுகுத்து, செய்தாச்சு" என்று எழுதியிருந்தார். ஒரே ஒரு வரிக்குக் கோடு இல்லை. "இட்லிக்கடை ஆத்தா, 2 ரூபாய்." பக்கத்தில் பென்சிலில், "86 தை. கோடி எடுத்தது."

அம்மாவிடம் கேட்டேன். ஆத்தாவுக்குப் பிள்ளை இல்லை. கல்யாணம், காதுகுத்து என்று ஒரு விசேஷமும் அந்த வீட்டில் வரவில்லை. திருப்பிச் செய்ய அப்பாவுக்கு வழியே கிடைக்கவில்லை. ஆத்தா இறந்தபோது பிறந்த வீட்டுக் கோடி, அதாவது இறந்தவர் மேல் போடும் புதுத்துணி, போட ஆளில்லை. அப்பா புதுச் சேலை வாங்கிக்கொண்டு போய், உடன்பிறந்தவன் முறையில் நின்று போட்டிருக்கிறார். "அந்த ரெண்டு ரூபாய் அவங்க நாளெல்லாம் வித்த காசுடா" என்றார் அம்மா. அப்பா ஏன் கோடு போடவில்லை? எனக்குத் தெரிந்து ஒரே காரணம்தான். அது தீர்ந்த கணக்கு என்று அவர் நினைக்கவில்லை.

மொய்யை வட்டியில்லாக் கடன் என்கிறார்கள். கடன்தான், மறுக்கவில்லை. ஆனால் எந்தக் கடன்காரன் இப்படிப் பதினான்கு வருடம் வழி தேடிக்கொண்டிருப்பான்? மறுபடியும் சொல்கிறேன், பதினான்கு வருடம்.

கொரியாவில் வெள்ளை உறை, வாசலில் மேசை, பெயரும் தொகையும் எழுதிக்கொள்வது என்று அப்படியே நம் ஊர் மாதிரி. அதை விரித்துச் சொல்ல ஆசை, நேரம் இல்லை. புதுக்கோட்டை, தஞ்சாவூர் மாவட்டங்களில் கீரமங்கலம், வடகாடு, பேராவூரணிப் பக்கம் ஆடி, ஆவணியில் நடக்கும் மொய் விருந்தைத்தான் கடைசியாக வைத்திருந்தேன். விசேஷம் இல்லாமலே மொய்க்கென்று பந்தல் போட்டு, கறிச்சோறு ஆக்கி, பல குடும்பங்கள் சேர்ந்து வைப்பார்கள். அங்கே இப்போது கம்ப்யூட்டரில் ஏற்றி, கையில் ரசீதே கொடுக்கிறார்கள். கணக்கு தப்பாது, நல்லதுதான். ரசீதில் பென்சிலால் எழுத ஓரம் இல்லை, அதுதான் என் குறை.

வீட்டில் பழைய மொய் நோட்டு கிடந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். எடுத்து ஓரத்தைப் படித்துப் பாருங்கள். வணக்கம்.