மனு எண் கிடைத்துவிட்டால் போதுமா?

வணக்கம். விவாகரத்துக்கு மனுப் போட்டாயிற்று, இனி கணவர் கிட்டே வரமாட்டார் என்று நினைக்கிறவர்கள் இந்த அரங்கிலும் இருக்கலாம். மனு எண் விழுந்ததாலேயே கோர்ட் யாருடைய கையையும் கட்டிப்போடாது. பல வீடுகளில் நோட்டீஸ் போய்ச் சேருகிற நாளில்தான் நிலைமை முற்றுகிறது. பயம் இருக்கிறதென்றால் கணவர் நெருங்கக் கூடாது, தொந்தரவு செய்யக் கூடாது என்று கோர்ட் போடும் தடை உத்தரவை முதலில் வாங்குங்கள், விவாகரத்து நோட்டீஸ் பிறகு போகட்டும்.

அந்த உத்தரவுக்கு வழி 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம். அடி உதை மட்டுமல்ல, வசை, மிரட்டல், கட்டாய உறவு, செலவுக்குப் பணம் தராமல் முடக்குவது எல்லாம் அதில் வன்முறைதான். பிரிவு 12-இன் கீழ் நீதித்துறை நடுவரிடம் நேரடியாகவோ, வக்கீல் மூலமோ, இந்தச் சட்டப்படி அரசு நியமிக்கும் பாதுகாப்பு அலுவலர் மூலமோ மனுக் கொடுக்கலாம். தாய்வீட்டில் தற்காலிகமாகத் தங்கியிருந்தால் அந்த ஊர் நீதிமன்றமே போதும்; கணவர் ஊருக்கு அலைய வேண்டாம். பாதுகாப்பு அலுவலரின் அறிக்கை இல்லாமல் உத்தரவு கிடைக்காது என்று யாராவது சொன்னால், அது கட்டாயமில்லை என்று 2022-இல் பிரபா தியாகி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதை எடுத்துக் காட்டுங்கள்.

மூன்று நாளுக்குள் முதல் விசாரணை, அதிலிருந்து 60 நாளுக்குள் முடிவு என்று சட்டம் சொல்கிறது. நடப்பில் வாய்தா மேல் வாய்தா. ஆகவே பிரிவு 23-ஐ விடாதீர்கள். பிரமாணப் பத்திரத்தோடு இடைக்கால உத்தரவு கேட்டால், எதிர்த்தரப்பு வருமுன்பே நடுவர் தரலாம். இதைக் கேட்காமல் முதன்மை மனுவோடு நின்றுவிடுகிறவர்கள்தான் மாதக்கணக்கில் காத்திருக்கிறார்கள்.

கேட்கிற விதத்திலும் வழக்கு கெட்டுப்போகிறது. 'பாதுகாப்பு வேண்டும்' என்று பொதுவாக எழுதினால், 'தொந்தரவு செய்யக் கூடாது' என்று மொட்டையாக ஓர் உத்தரவு வரும். அதை வைத்து ஸ்டேஷனில் என்ன செய்வது? எந்த வீடு, எந்த அலுவலகம், பிள்ளை படிக்கிற எந்தப் பள்ளி என்று பெயரோடு எழுதுங்கள். போன், வாட்ஸ்அப், உறவினர் மூலம் தூது, கூட்டு லாக்கர், சீதன நகை என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகத் தடை கேளுங்கள். குற்றச்சாட்டும் அப்படித்தான். 'அடிக்கடி அடித்தார்' நிற்காது. தேதி, இடம், பார்த்தவர், ஆஸ்பத்திரிச் சீட்டு வேண்டும். மிரட்டல் செய்தி வந்த போனை விற்றுவிடாதீர்கள். மின்னணுப் பதிவுக்கு பாரதிய சாட்சிய சட்டம் பிரிவு 63 கேட்கும் சான்றிதழ் இல்லாத ஸ்கிரீன்ஷாட்டை எதிர் வக்கீல் எளிதில் தட்டிவிடுவார். இன்னொன்று: மனுவின் நகல் கணவர் கைக்குப் போகும். தங்கியிருக்கும் விலாசத்தை எழுதுமுன் வக்கீலோடு கலந்து பேசுங்கள்.

வீடு மாமனார் பேரில் இருக்கிறது, வெளியே போ என்பார்கள். மருமகள் குடித்தனம் நடத்திய வீடென்றால் உறவினர் பேரில் இருந்தாலும் சட்டம் சொல்லும் 'பொதுக் குடியிருப்பு', அதாவது சேர்ந்து வாழ்ந்த வீடு, ஆகலாம் என்று 2020-இல் சதீஷ் சந்தர் அகுஜா வழக்கில் தீர்ப்பானது. கிடைப்பது குடியிருக்கும் உரிமை, சொத்துரிமை அல்ல. கணவரை வெளியேறச் சொல்லவும் நடுவருக்கு அதிகாரம் உண்டு. மாமியாரை வெளியேற்ற முடியாது.

உத்தரவு வந்ததும் நகல் உங்களுக்கும் காவல் நிலையத்துக்கும் இலவசமாகப் போக வேண்டும். போயிற்றா என்று நீங்களே ஸ்டேஷனில் கேட்டு உறுதி செய்யுங்கள். மீறினால் ஓராண்டு வரை சிறை, அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்; ஜாமீனை உரிமையாகக் கேட்க முடியாத குற்றம். ஸ்டேஷனில் 'இனி வரமாட்டேன்' என்று எழுதி வாங்கிய தாளுக்கு இந்த வலு கிடையாது. ஜீவனாம்சம் நின்றுபோனால் வழி வேறு: கணவரின் முதலாளியே சம்பளத்திலிருந்து நேராகக் கட்டும்படி நடுவர் உத்தரவிடலாம்.

விவாகரத்து வழக்கு ஏற்கெனவே நடக்கிறதென்றால், பிரிவு 26-இன் கீழ் குடும்பநல நீதிமன்றத்திலேயே இதே உத்தரவுகளைக் கேட்கலாம். சமரசப் பேச்சுக்கு அழைக்கும்போது ஒரே அறையில் உட்காரப் பயமென்றால் ஆலோசகரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். மூடிய அறை விசாரணையும் கேட்கலாம்.

இந்தச் சட்டத்தில் கணவர் மனுதாரராக முடியாது. மிரட்டப்படும் ஆணுக்குக் காவல் நிலையப் புகாரும் சிவில் தடை உத்தரவும்தான் வழி.

வக்கீல் செலவுக்கு அஞ்ச வேண்டாம். இலவசச் சட்ட உதவிக்குப் பெண்களுக்கு வருமான வரம்பு இல்லை, சம்பாதிக்கிறவரும் கேட்கலாம். அதற்கு 15100. உடனடி உதவிக்கு 181. இரவு இரண்டு மணிக்கும் எடுப்பார்கள்.