தாம்பரம் பக்கம் வீடு பார்க்கிறீர்களா? தண்டவாளத்தின் எந்தப் பக்கம் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

வணக்கம் நேயர்களே. வேலை மாறிக் குடும்பத்துடன் சென்னைக்கு வருபவர்கள் என்னிடம் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கிறது. பிள்ளைகளுக்கு நல்ல பள்ளிக்கூடம் பக்கத்தில் இருக்க வேண்டும், அலுவலகம் போய்வருவதும் உடம்பைப் படுத்தாமல் இருக்க வேண்டும், இதற்குப் புறநகரில் எந்த ஊர் சரிப்படும் என்கிறார்கள். மேடவாக்கமா, குரோம்பேட்டையா, ஊரப்பாக்கமா என்று ஊர்ப்பெயர்களை வைத்துக்கொண்டு வாரக்கணக்கில் குழம்புபவர்களுக்காகவே இந்தக் காணொளி.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பல்லாவரத்திலிருந்து கூடுவாஞ்சேரி வரை செல்லும் மின்சார ரயில் பாதையை ஒட்டி வீடு பாருங்கள். வீடும் பள்ளிக்கூடமும் தண்டவாளத்தின் ஒரே பக்கத்தில் இருக்கட்டும், நிலையம் நடந்து போகும் தூரத்தில் இருக்கட்டும். இந்த இரண்டும் அமைந்துவிட்டால், அந்த ஊரின் பெயர் பல்லாவரமா பெருங்களத்தூரா என்பது எனக்கு அவ்வளவு முக்கியமாகப் படவில்லை.

ரயிலை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்று கேட்பீர்கள். சென்னைக் கடற்கரை நிலையத்துக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் 1931ஆம் ஆண்டிலிருந்து ஓடுகிறது. சாலையில் எத்தனை நெரிசல் இருந்தாலும் தாம்பரத்தில் ஏறியவர் ஏறக்குறைய அரை மணி நேரத்தில் கிண்டியில் இறங்கிவிடலாம். கிண்டியிலும் பரங்கிமலையிலும் எழும்பூரிலும் மெட்ரோவுக்கு மாறலாம், பூங்கா நிலையத்தில் இறங்கிச் சாலையைக் கடந்தால் சென்ட்ரல் வந்துவிடும். தாம்பரத்துக்கு முந்தைய நிலையமான தாம்பரம் சானடோரியத்தில் மெப்ஸ் என்ற ஏற்றுமதித் தொழில் வளாகமும், எதிர்த் திசையில் போனால் பரனூரில் மகிந்திரா வேர்ல்டு சிட்டி என்ற தொழில் நகரமும் இருக்கின்றன. 2025 ஏப்ரல் மாதத்திலிருந்து கடற்கரைக்கும் செங்கல்பட்டுக்கும் இடையே குளிர்சாதன மின்சார ரயிலும் ஓடுகிறது. அதன் கட்டணம் கூடுதல்தான், ஆனாலும் கோடையில் அலுவலகம் போகிறவர்களுக்கு அது பெரிய ஆறுதல். கணவனும் மனைவியும் வேறு வேறு இடத்தில் வேலை பார்க்கிற குடும்பத்தில் ஒருவர் வேலையை மாற்றிக்கொண்டாலும், ரயில் பாதையில் குடியிருந்தால் வீட்டை மாற்ற வேண்டிய தேவை பெரும்பாலும் வருவதில்லை. பிள்ளையின் பள்ளிக்கூடம் நடுவில் மாறாமல் இருக்க இதைவிட நல்ல ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை.

இப்போது தண்டவாள விஷயத்துக்கு வருகிறேன். இந்தக் காட்சியை நான் எடுத்தது வேலை நாள் ஒன்றின் காலை எட்டு மணி வாக்கில். கிழக்குத் தாம்பரத்திலிருந்து மேற்கே நடந்து போக நிலையத்தின் நடை மேம்பாலம் போதும், ஆனால் வண்டியில் போக வேண்டுமென்றால் மேம்பாலத்தைச் சுற்றிக்கொண்டு, திருச்சி நெடுஞ்சாலையான ஜி.எஸ்.டி. சாலையின் நெரிசலில் கலந்துதான் ஆக வேண்டும். இதோ, இந்த ஸ்கூட்டரைப் பாருங்கள். பின்னால் உட்கார்ந்திருக்கும் குழந்தை தூக்கத்தில் சாய்ந்துவிடாமல் இருக்க, அம்மா துப்பட்டாவால் தம் இடுப்போடு சேர்த்துக் கட்டியிருக்கிறார். குழந்தையின் கன்னம் அவர் முதுகில் அழுந்திக் கிடக்கிறது, மடியில் அடையாள அட்டை தொங்குகிறது. வரைபடத்தில் பார்த்தால் வீட்டுக்கும் பள்ளிக்கும் இடையே மிகக் குறைந்த தூரமாகத்தான் தெரியும். பாதையைக் கடக்கும் அந்த ஒரே இடம்தான் குழந்தையின் காலைத் தூக்கத்தையும் மாலை விளையாட்டையும் எடுத்துக்கொள்கிறது. ரயில்வே கேட் உள்ள இடங்களில் நிலைமை இன்னும் மோசம், ஏனென்றால் மின்சார ரயில் போனதும் கேட்டைத் திறப்பார்கள் என்று நின்றுகொண்டிருக்கும்போதே தென்மாவட்ட விரைவு ரயில் ஒன்று வந்துவிடும்.

வீட்டுத் தரகர்கள் இதைச் சொல்வதில்லை. நிலையத்திலிருந்து ஐந்து நிமிடம் என்றுதான் சொல்வார்கள், எந்தப் பக்கத்திலிருந்து என்று நீங்கள்தான் கேட்க வேண்டும். வீடு பார்க்க ஞாயிற்றுக்கிழமை மதியம் போகாதீர்கள். பள்ளி திறந்திருக்கும் நாளில், பள்ளி மணி அடிப்பதற்கு அரை மணி முன்னால் அந்த வீட்டு வாசலில் நின்று, அங்கிருந்து பள்ளிக்கு ஒரு முறை போய்ப் பாருங்கள்.

அடுத்தது வெள்ளம். 2015 டிசம்பரில் அடையாறு பெருகியபோது தாம்பரத்துக்கு மேற்கே உள்ள முடிச்சூரும் வரதராஜபுரமும் எப்படி மூழ்கின என்பதை அங்கே இருந்தவர்கள் இன்னும் மறக்கவில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது அந்தப் பகுதிகளோடு பள்ளிக்கரணையும் பெரும்பாக்கமும் வேளச்சேரியும் தண்ணீரில் தவித்தன. மேற்குத் தாம்பரம் முழுவதையும் ஒதுக்கிவிட வேண்டும் என்றோ கிழக்கு முழுவதும் பத்திரம் என்றோ நான் சொல்ல மாட்டேன். கிழக்கிலும் சேலையூர், செம்பாக்கம், சிட்லபாக்கம் என்று ஏரிகள் வரிசையாக இருக்கின்றன, ஏரிக்குப் போகும் வாய்க்காலை ஒட்டிய தெருவும் அடுத்த தெருவும் ஒரே மழையில் வெவ்வேறு நிலையில் இருக்கும். ஆகவே தெருவைத்தான் பார்க்க வேண்டும். சுற்றுச்சுவர்களில் முழங்கால் உயரத்தில் செம்மண் நிறத்தில் ஒரு கோடு போகிறதா, புதிதாக வெள்ளை அடித்த சுவரில் அடிப்பகுதி மட்டும் உப்புப் பூத்து உரிந்திருக்கிறதா என்று கவனியுங்கள். தெருமுனையில் இஸ்திரி போடுபவரிடம் மிக்ஜாமின்போது தண்ணீர் எதுவரை வந்தது என்று கேளுங்கள். வீட்டை விற்பதிலோ வாடகைக்கு விடுவதிலோ அவருக்கு எந்த ஆதாயமும் இல்லாததால், கையை இடுப்பருகே வைத்து உயரத்தைக் காட்டியே சொல்லிவிடுவார். குடிதண்ணீர் குழாயில் வருகிறதா, லாரியை நம்ப வேண்டுமா, பாதாளச் சாக்கடை இணைப்பு உண்டா என்பதையும் அதே மூச்சில் விசாரித்துவிடுங்கள். பல்லாவரத்தையும் தாம்பரத்தையும் சுற்றியுள்ள ஊர்களையும் இணைத்து 2021இல் தாம்பரம் மாநகராட்சி உருவானாலும், இந்த வசதிகள் எல்லாத் தெருவுக்கும் ஒரே சீராக இல்லை.

பள்ளிக்கூடத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே பேச வேண்டும். வாசலில் உயர்ந்த மதிப்பெண் எடுத்த மாணவர்களின் படங்களோடு பெரிய பிளெக்ஸ் பலகை வைத்திருப்பார்கள். அந்தப் பிள்ளைகளின் உழைப்பை நான் மனமாரப் பாராட்டுகிறேன். ஆனால் பலகையில் இடம்பெறாத மற்றப் பிள்ளைகளை அந்தப் பள்ளி எப்படி நடத்துகிறது என்பதே ஒரு பெற்றோருக்குத் தெரிய வேண்டிய செய்தி. அதை அறிய எளிய வழி ஒன்று இருக்கிறது. சென்ற ஆண்டு ஒன்பதாம் வகுப்பில் எத்தனை பேர் படித்தார்கள், இந்த ஆண்டு பத்தாம் வகுப்பில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். எண்ணிக்கை வெகுவாகக் குறைந்திருந்தால், தேர்ச்சி விழுக்காடு கெட்டுவிடும் என்று சுமாராகப் படிக்கும் பிள்ளைகளுக்கு மாற்றுச் சான்றிதழ் கொடுத்து அனுப்பியிருக்கிறார்களா என்று சந்தேகப்பட இடம் உண்டு. நூறு விழுக்காடு தேர்ச்சி என்ற விளம்பரத்துக்காக வெளியே அனுப்பப்பட்ட ஒரு பிள்ளையின் மனத்தை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிறது.

சி.பி.எஸ்.இ. பள்ளி என்று சொன்னால் இணைப்பு எண்ணை வாங்கி வாரியத்தின் இணையதளத்தில் சரிபாருங்கள், எந்த வகுப்பு வரை அனுமதி இருக்கிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். தனியார் பள்ளிகள் எவ்வளவு வசூலிக்கலாம் என்பதை 2009ஆம் ஆண்டின் கட்டண ஒழுங்குமுறைச் சட்டப்படி அமைந்த குழு தீர்மானிக்கிறது, ஆகவே தீர்மானித்த கட்டணம் எவ்வளவு என்று கேட்பது உங்கள் உரிமை. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 25 விழுக்காடு இடங்களுக்கு விண்ணப்பிக்க நினைப்பவர்கள், சிறுபான்மையினர் நடத்தாத தனியார் பள்ளிக்கு ஒரு கிலோமீட்டர் சுற்றளவுக்குள் வசிக்க வேண்டும் என்பதால், அவர்களுக்கு வீட்டின் இடமே பள்ளியை முடிவு செய்கிறது. தாம்பரம் விமானப்படைத் தளத்தில் கேந்திரிய வித்யாலயா பள்ளிகள் இரண்டு உள்ளன, மத்திய அரசு ஊழியர்கள் அவற்றை முதலில் பார்க்கலாம். அரசுப் பள்ளியையும் ஒதுக்காதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். ஆறாம் வகுப்பிலிருந்து அங்கே படித்த பிள்ளைகளுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2020 முதல் நடைமுறையில் இருக்கிறது.

நடந்து போகும் தூரத்தில் பள்ளி அமையாவிட்டால் வேன் அல்லது பேருந்து என்று ஆகிறது. 2012இல் இதே தாம்பரம் வட்டாரத்தில், பள்ளிப் பேருந்தின் தளத்திலிருந்த ஓட்டை வழியாக விழுந்து ஒரு சிறுமி இறந்தாள். அதன் பிறகுதான் தமிழ்நாட்டில் பள்ளி வாகனங்களுக்கென்று தனி விதிகளே வந்தன. பேருந்தில் உதவியாளர் ஒருவர் இருக்கிறாரா, உங்கள் பிள்ளை எத்தனையாவது நிறுத்தத்தில் ஏறும் என்று விசாரித்துவிட்டு, ஏறி உள்ளேயும் பாருங்கள். முதல் நிறுத்தத்தில் ஏறும் குழந்தை ஊரையெல்லாம் சுற்றிவிட்டுத்தான் பள்ளிக்குப் போய்ச் சேரும்.

பழைய மாமல்லபுரம் சாலையில் வேலை செய்பவர்களுக்கு நான் சொன்ன ரயில் கணக்கு அப்படியே பொருந்தாது. மாதவரத்திலிருந்து சிறுசேரி சிப்காட் வரையிலான மெட்ரோ முழுமையாக ஓடத் தொடங்கும் வரை அங்கே சாலைதான் கதி. சோழிங்கநல்லூரில் அலுவலகம் என்றால் சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம் பக்கம் குடியிருந்து மேடவாக்கம், பெரும்பாக்கம் வழியாகப் போகலாம். சிறுசேரி என்றால் வண்டலூர் கேளம்பாக்கம் சாலையைப் பாருங்கள். அப்போதும் பள்ளிக்குப் பக்கத்தில் குடியிருந்து, நீண்ட பயணத்தைப் பெரியவர்கள் ஏற்றுக்கொள்வதையே நான் ஆதரிப்பேன். ஏழு வயதுப் பிள்ளைக்கு வேனில் உட்கார்ந்து போகும் அந்த ஒரு மணி நேரத்தில் செய்ய எதுவுமில்லை.

கடைசியாக ஒரு வேண்டுகோள். வந்ததும் வாங்கிவிடாதீர்கள், ஒரு கல்வியாண்டாவது வாடகைக்கு இருந்து ஒரு ஐப்பசி, கார்த்திகை மழையை அந்தத் தெருவில் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். பல பள்ளிகளில் மாணவர் சேர்க்கை பொங்கலை ஒட்டியே தொடங்கிவிடுவதால், இடமாற்றம் ஜூன் மாதம்தான் என்றாலும் விசாரணையை மார்கழியிலேயே ஆரம்பியுங்கள். கருத்துப் பகுதியில் எழுதுபவர்கள் பட்ஜெட்டை மட்டும் குறிப்பிட்டால் என்னால் சரியாகப் பதில் சொல்ல முடிவதில்லை. பிள்ளை எந்த வகுப்பு, வேலைக்குப் போகிற இருவரின் அலுவலகங்களும் எந்த நிலையத்துக்கு அருகில், மாலை எத்தனை மணிக்கு வீடு திரும்ப வேண்டும் என்ற மூன்றையும் எழுதுங்கள், தெருப்பெயர் வரை சொல்ல முயல்கிறேன்.