ஜோடியாகக் காணாமல் போனவர்கள்: ஒரு மர்ம நாவலை எங்கே உற்றுப் பார்ப்பது?

[திரையில்: சுங்கை சிப்புட் கடைவரிசை. பின்னால் செம்பனை மரங்கள்.]

வணக்கம். ஒரு மர்ம நாவல் உங்கள் கையில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். வருடம் 1970. மலேசியாவில், சுங்கை சிப்புட்டை ஒட்டிய ரப்பர் தோட்டம். புதிதாகக் கல்யாணமான ஜோடி ஒன்று திங்கட்கிழமை காலைப் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு முன் பேர் கூப்பிடும் இடத்துக்கு, வரவில்லை. தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் அவர்கள் வீடு பூட்டிக் கிடக்கிறது. கதை நம் கற்பனைதான், ஆனால் அதைச் சுற்றியுள்ள தோட்டமும் சட்டமும் நிஜம்.

மனைவி மட்டும் காணாமல் போனால் எல்லாருடைய கண்ணும் கணவன் மேல் போகும். இருவருமே இல்லையென்றால் விசாரிக்க வீட்டில் ஆளே இல்லை. அக்கம்பக்கத்தார் சொல்வதுதான் கதை. அதனால் இந்த வகை நாவலில் நான் முதலில் தேடுவது தடயத்தை அல்ல. ஊர் எந்தக் காரணத்தைச் சட்டென்று நம்பியது என்பதைத்தான்.

[திரையில்: பழைய பினாங்குத் துறைமுகப் படம்.]

பக்கத்து வீட்டு அக்கா தோட்டத்து எழுத்தரான கிராணியிடம் சொல்கிறார்: “அவங்க ராத்திரியே பஸ் ஏறிட்டாங்கையா. பினாங்கு போய்க் கப்பல் ஏறி ஊருக்குப் போறாங்களாம்.”

1970இல் இதை யாரும் மறுத்துப் பேச மாட்டார்கள். குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்யப் பெர்மிட் வேண்டும் என்று 1968இல் சட்டம் வந்தது. குடியுரிமை இல்லாததால் சிவப்பு அடையாளக் கார்டு வைத்திருந்த தோட்டத் தொழிலாளிகள் பலர் இந்தியாவுக்கே திரும்பினார்கள். இந்தியாவுக்குப் போகும் ரஜூலா கப்பலும் அப்போது ஓடிக்கொண்டிருந்தது. ஆக, ஆளை மறைக்க நினைப்பவருக்கு நாட்டு நடப்பே ஒரு பொய்யைத் தயாராக வைத்திருக்கிறது. ஆனால் ஊருக்குப் போகிறவர் கடைக் கணக்கை முடிக்காமலா போவார்? கோழியை யாரிடமாவது ஒப்படைக்க மாட்டாரா? எழுத்தாளர் கோழிக்கூண்டைப் பற்றி ஒரு வரி எழுதியிருந்தால், அங்கே கொஞ்சம் நில்லுங்கள்.

[திரையில்: ரப்பர் மரம், கத்தி, மங்கு.]

இனி என் மனதுக்குப் பிடித்த பகுதி. புதன்கிழமை அந்த ஜோடியின் நிரைக்கு, அதாவது அவர்கள் சீவும் மர வரிசைக்கு, மாற்று ஆள் போகிறார். ஒரே மரத்தைத் தினமும் சீவுவதில்லை, பல தோட்டங்களில் ஒருநாள் விட்டு ஒருநாள்தான். பால் வடியும் கிண்ணமான மங்கில் பால் அப்படியே கட்டியாகி நிற்கிறது.

விடியற்காலைக் குளிரில் பால் நன்றாக ஓடும், அதனால் இருட்டோடு போய்ச் சீவுவார்கள். பிறகு அதே நிரையில் திரும்பி வந்து பாலை எடுத்து ஸ்டோருக்குக் கொண்டுபோவார்கள். எடுக்காமல் விட்டால் மங்கிலேயே உறைந்துவிடும். சனிக்கிழமைப் பால் அன்றைக்கே ஸ்டோருக்குப் போய்விட்டது, ஞாயிறு தோட்டத்துக்கு லீவு என்று நாவல் முன்பே சொல்லியிருந்தால், திங்கட்கிழமை யாரோ மரம் சீவியிருக்கிறார்கள். அப்படியானால் ராத்திரி பஸ் கதை என்ன ஆவது?

அவசரப்படாதீர்கள். மாற்று ஆள் பட்டையைத் தடவிப் பார்க்கிறார். கத்தி ஆழமாக இறங்கி மரத்தில் காயம் பட்டிருக்கிறது. பழகிய கை பட்டையை மெல்லிசாகத்தான் சீவும். ஆக, சீவியது அந்த ஜோடி அல்ல. திங்கட்கிழமை காலை அவர்கள் தோட்டத்தில் இருந்ததாகக் காட்ட யாரோ முயன்றிருக்கிறார். அக்கா சொன்னதற்கு இது நேர் எதிர். ஊரில் பொய் சொல்பவர் இரண்டு பேர், ஒருவருக்கொருவர் தெரியாமல்!

பெட்டாலிங் ஜெயா மாதிரி நகரத்தில் வளர்ந்த வாசகருக்கு இந்த உறைந்த பாலின் கணக்கு எப்படித் தெரியும்? அங்கேதான் எழுத்தாளரின் நேர்மை வருகிறது. துப்பறிபவர் கண்ட தடயத்தை வாசகருக்கும் உடனே காட்ட வேண்டும் என்பது 1929இல் ஆங்கில மர்மக் கதை எழுத்தாளர் ரொனால்ட் நாக்ஸ் எழுதிய பத்து விதிகளில் ஒன்று. நல்ல எழுத்தாளர் மரம் சீவும் காட்சியை இரண்டாம் அத்தியாயத்திலேயே, வெறும் வர்ணனை போல வைத்துவிடுவார். வர்ணனைதானே என்று பக்கத்தைப் புரட்டுகிறவர்கள் ஏமாறுவது இப்படித்தான்.

நிஜத்துக்கு அந்த விதி கிடையாது. 1967 மார்ச் 26, ஈஸ்டர் ஞாயிறு. தாய்லாந்துப் பட்டு வியாபாரி ஜிம் தாம்சன் கேமரன் மலையில் தங்கியிருந்த பங்களாவிலிருந்து நடக்கப் போனார், திரும்பவில்லை. போலீஸ், ராணுவம், பூர்வகுடிகளான ஓராங் அஸ்லிக்காரர்கள் என்று காட்டையே சலித்தார்கள். இன்றுவரை விடை இல்லை.

[திரையில்: “1977” என்ற அத்தியாயத் தலைப்பு.]

சரி, நாவலுக்கு வருவோம். கதை திடீரென்று ஏழு வருடம் தாவினால் அது சும்மா இருக்காது. மலேசியாவின் 1950ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 108ஆவது பிரிவுப்படி, ஒருவரைப் பற்றி அவருடைய நெருங்கியவர்களுக்கு ஏழு வருடமாகத் தகவலே இல்லையென்றால், அவர் உயிரோடு இருக்கிறார் என்று சொல்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும். லயத்து ஜோடிக்கு என்ன பெரிய சொத்து என்று தோன்றும். சேமநிதியில் கொஞ்சம் பணம், ஊரில் தாத்தா விட்டுப்போன காணி, ஏதாவது இருக்கும். அந்த அத்தியாயத்தில் வக்கீல் ஆபீஸ் படியேறி முதலில் வருபவர் யார் என்று பாருங்கள். அப்புறம் பின்னால் புரட்டி, 1970இல் அந்தத் திங்கட்கிழமை காலைப் பெரட்டில் அவர் எங்கே நின்றார் என்று தேடுங்கள்.