பீட் சேறும் நம் சருமமும்

நேயர்களுக்கு அன்பான வணக்கம். முல்தானி மண்ணைப் பன்னீரில் குழைத்து முகத்தில் பூசிக்கொள்வது நம் வீடுகளில் பழகிப்போன ஒன்று. பூசிய சிறிது நேரத்தில் அது காய்ந்து, தோலை இழுத்துப் பிடிக்கும். பேச வாயைத் திறந்தால் வெடித்து உதிரும். ஐரோப்பாவில் ஏறக்குறைய இருநூறு ஆண்டுகளாக மருத்துவக் குளியலுக்குப் பயன்பட்டுவரும் பீட் சேறு அவ்வளவு விரைவில் காய்வதில்லை. முல்தானி மண் களிமண் வகையைச் சேர்ந்தது. பீட் சேறோ, நீர் தேங்கிய சதுப்பில், காற்று புகாத புளிப்பு நீரில், பாதி மக்கியும் பாதி மக்காமலும் கிடந்த பாசியும் கோரையும்தான். நெய்வேலியில் வெட்டியெடுக்கிறார்களே, அந்தப் பழுப்பு நிலக்கரியும் ஒரு காலத்தில் பீட்டாக இருந்ததுதான். சதுப்பில் இந்தப் படிவு ஆண்டுக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர்தான் வளர்கிறது. இந்த ஒரு மில்லிமீட்டரை நேயர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டும். மீண்டும் அதற்கு வருவேன்.

பீட் சேற்றின் இயல்பைச் சொல்லும்போதெல்லாம் டென்மார்க்கில் கிடைத்த ஒரு மனிதரைப் பற்றிச் சொல்லாமல் என்னால் இருக்க முடிவதில்லை. 1950ஆம் ஆண்டு மே மாதம், சில்க்கபோர் நகருக்கு அருகே அடுப்பெரிக்கப் பீட் வெட்டிக்கொண்டிருந்தவர்கள், சேற்றுக்குள் ஒரு முகத்தைக் கண்டார்கள். கண்கள் மூடியிருந்தன, தலையில் தோல் குல்லாய், இடுப்பில் வார், கழுத்தில் சுருக்குக் கயிறு. அண்மையில் நடந்த கொலை என்று எண்ணிக் காவல்துறைக்குச் சொல்லி அனுப்பினார்கள். ஆராய்ந்து பார்த்தபோது, அவர் இறந்து இரண்டாயிரத்து நானூறு ஆண்டுகள் ஆகியிருந்தன. தொல்லுண்ட் மனிதர் என்று இன்று அழைக்கப்படும் அவருடைய தாடையில் முளைத்திருந்த குறுமுடியைக்கூடக் காண முடிகிறது. நெற்றிச் சுருக்கம் தெரிகிறது. வயிற்றில் கடைசியாக உண்ட கஞ்சியின் தானியங்கள் இருந்தன.

இதைக் கேட்டவுடன், இறந்தவரின் தோலையே காப்பாற்றிய சேறு உயிருள்ள தோலை என்றும் இளமையாக வைத்திருக்காதா என்று கேட்கத் தோன்றும். அப்படி முடிவு செய்துவிடக் கூடாது. குளிர்ச்சி, காற்றின்மை, புளிப்பு, ஸ்பேக்னம் என்ற பாசியிலிருந்து வெளிவரும் பொருள்கள் ஆகியவை சேர்ந்து அந்த உடலின் தோலைப் பதனிட்டிருக்கின்றன. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் தோலுக்குச் செய்கிறார்களே, அதைப் போன்ற வேலைதான் அந்தச் சதுப்பில் நடந்தது. இருபது நிமிடம் பூசிக் கழுவுகிற நமக்கு அது நடக்காது, நடக்கவும் வேண்டாம்.

அப்படியானால் பீட் குளியலில் உண்மையாகக் கிடைப்பது என்ன? செக் நாட்டின் மேற்கு மூலையில் ஃப்ரான்டிஷ்கோவி லாஸ்னே என்ற ஊர் இருக்கிறது. 1793இல் உருவான இந்த ஊர், 2021இல் ஐரோப்பாவின் பதினொரு பெருங்குளியல் நகரங்களுள் ஒன்றாக யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. இப்படிப்பட்ட ஊர்களில் பீட்டை அரைத்து, நீரில் கலந்து, கூழ் பதத்தில் சூடாக்கித் தொட்டியில் நிரப்புவார்கள். கழுத்துவரை அதில் அமர்ந்து, பின் கழுவி, துணி போர்த்தி ஓய்வெடுக்க வேண்டும். வெந்நீர் தொட்டிக்குள் சுழன்றுகொண்டே இருப்பதால் சூடு ஓயாமல் தோலைத் தாக்கும். கூழ் அசையாது, அதனால் சூடு மெல்ல மெல்ல, நெடுநேரம் இறங்கும். தண்ணீரில் பொறுக்க முடியாத வெப்பத்தை இந்தச் சேற்றில் பொறுத்துக்கொள்ளலாம். மூட்டுவலிக்காரர்களுக்கு இதில் கிடைக்கும் ஆறுதலின் பெரும்பகுதி இந்தச் சூட்டிலிருந்து வருவது என்பதே என் கருத்து. முகத்தைப் பொறுத்தவரை, செடிகள் மக்கும்போது உண்டாகும் ஹியூமிக் அமிலங்கள் நிறைந்த இந்தச் சேறு தோலைப் போலவே சற்றுப் புளிப்பானது. மென்மையாகப் பரவும், ஈரத்தை விரைவில் விடாது. இரத்த ஓட்டம் கூடி முகம் சிவந்து பொலிவதும் உண்மை. ஆனால் உடலின் நச்சை எல்லாம் உறிஞ்சி எடுத்துவிடும் என்று சொல்லி விற்பவர்களை நம்ப வேண்டாம். அந்த வேலையைக் கல்லீரலும் சிறுநீரகமும் செய்கின்றன.

இப்போது அந்த ஒரு மில்லிமீட்டருக்கு வருகிறேன். முகத்தில் இரண்டு மில்லிமீட்டர் கனத்துக்குப் பூசினால், சதுப்பின் இரண்டு ஆண்டு வளர்ச்சியைப் பூசுகிறோம். உலக நிலப்பரப்பில் மூன்று விழுக்காடே உள்ள பீட் நிலங்கள், உலகின் காடுகள் அனைத்திலும் உள்ளதைவிட அதிகமான கார்பனைத் தம்முள் அடக்கி வைத்திருக்கின்றன. வெட்டி உலர்த்தினால் அது காற்றில் கலக்கும். ஜெர்மனியில் மருத்துவக் குளியல் நடக்கும் ஊர்கள் பலவற்றில், பயன்படுத்திய சேற்றை மீண்டும் சதுப்புக்கே கொண்டுபோய்ச் சேர்த்து, ஆண்டுக்கணக்கில் ஓய்வில் விடுகிறார்கள். அழகுக்காக எடுப்பவர்கள் எல்லாருக்கும் இந்த ஒழுங்கு கட்டாயமாக வேண்டும் என்று நான் வற்புறுத்துகிறேன். நம் நீலகிரியிலும் பீட் படிவுகள் உண்டு. சாண்டிநல்லாவின் படிவுகளைக் கொண்டு ஆயிரக்கணக்கான ஆண்டுகளின் பருவநிலை வரலாற்றை அறிவியலாளர்கள் படித்திருக்கிறார்கள். அங்கே ஒரு கைப்பிடிகூட யாரும் அள்ளக் கூடாது.

வீட்டில் பயன்படுத்தும் முறையை விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன், நேரம் நெருங்கிவிட்டது. முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். மாடித்தோட்டத்துக்கு வாங்கும் கோகோபீட் என்பது தென்னை நார்க்கழிவு; அதை முகத்தில் பூசாதீர்கள். செடிக்கு விற்கும் பீட்டையும் பூசாதீர்கள், அதில் கிருமியும் பூஞ்சையும் இருக்கும். சருமத்துக்கென்று தூய்மை செய்து அடைத்து விற்பதையே வாங்குங்கள். முதலில் முழங்கையின் உட்புறம் சிறிது தடவி ஒரு நாள் பாருங்கள். புண்ணோ வெடிப்போ உள்ள இடத்தில் வேண்டாம். இதய நோய், உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்களும் கருவுற்ற பெண்களும் மருத்துவரைக் கேட்காமல் சூடான சேற்றுக் குளியலில் இறங்கக் கூடாது. வணக்கம்.