தடைப் பட்டியலில் ஒரு மருத்துவர்

அன்புள்ள நேயர்களுக்கு வணக்கம்.

பெலாரூஸ் நாட்டின் மேற்கே, போலந்தையும் லித்துவேனியாவையும் எல்லையாகக் கொண்ட க்ரோத்னோ வட்டாரத்துக்கு 2020 முதல் 2024 வரை ஆளுநராக இருந்த விளாதிமிர் கரானிக்கைப் பற்றி இன்று பேச விரும்புகிறேன். க்ரோத்னோவிலேயே 1973-இல் பிறந்து, அங்கேயே மருத்துவம் பயின்று, புற்றுநோய் மருத்துவராகி, மின்ஸ்க் நகரப் புற்றுநோய் மருத்துவமனையின் தலைமை மருத்துவராக உயர்ந்த அவர், 2019-இல் சுகாதார அமைச்சரானார். அடுத்த ஆண்டே கொரோனா வந்தது. அதிபர் லுகாஷென்கோ ஊரடங்கை ஏற்கவில்லை. மே 9 அன்று மின்ஸ்கில் இரண்டாம் உலகப்போர் வெற்றிநாள் அணிவகுப்பும் நடந்தது.

2020 ஆகஸ்ட் 9 அன்று நடந்த அதிபர் தேர்தலின் முடிவை ஏற்க மறுத்து மக்கள் தெருவில் இறங்கியபோது, சில நாள்களிலேயே ஏறத்தாழ 7,000 பேர் கைதாகினர். காவலில் அடிபட்டதாகப் பலர் சொன்னார்கள். அந்நாள்களில் சிகிச்சை தேவைப்பட்ட போராட்டக்காரர்களை மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லாமல் காவல் கூடங்களுக்குக் கொண்டுசெல்ல ஆம்புலன்ஸ்கள் பயன்பட்டன என்பதும், அதற்கு அமைச்சரே பொறுப்பு என்பதும் கரானிக் மீது ஐரோப்பிய ஒன்றியம் வைத்த குற்றச்சாட்டு. 2021 ஜூன் 21 அன்று 78 பேரைப் புதிதாகத் தடைப் பட்டியலில் சேர்த்தபோது அவர் பெயரும் அதில் இடம்பெற்றது. காவல்துறை அதிகாரி ஒருவரின் பெயரைவிட இந்தப் பெயர்தான் என்னை அதிகம் வருத்துகிறது. உயிரைக் காப்பதற்கென்றே பழகிய ஒருவரின் துறை, காயம்பட்டவருக்கு அஞ்சத்தக்க ஒன்றாக மாறியதாகச் சொல்லப்படுகிறதே!

2020 ஆகஸ்டில் க்ரோத்னோவில் வேறொரு திருப்பம். அங்கே நகர நிர்வாகம் அம்மாத நடுப்பகுதியில் போராட்டக்காரர்களுடன் பேச இசைந்து, கூடுவதற்கு இடமும் ஒதுக்கியது. அசோத் உரத் தொழிற்சாலைத் தொழிலாளர்களும் குரல் எழுப்பினர். அந்த இணக்கம் நீடிக்கவில்லை. ஆகஸ்ட் 20 அன்று அப்போதைய ஆளுநர் விலக்கப்பட்டு, அவ்விடத்துக்குக் கரானிக் அனுப்பப்பட்டார்.

பெலாரூஸில் வட்டார ஆளுநரை மக்கள் தேர்ந்தெடுப்பதில்லை. அதிபர் நியமிக்கிறார், உள்ளூர் மன்றம் ஒப்புதல் தருகிறது. ஆகவே வாக்காளரின் மதிப்பை இழப்பதால் அங்கே பதவி போவதில்லை; அதிபரின் நம்பிக்கையை இழந்தால்தான் போகும். வெளிநாடு விதிக்கும் தடையோ அந்த நம்பிக்கையைக் குலைப்பதில்லை, சில வேளைகளில் அதை உறுதிப்படுத்தவும் செய்கிறது என்பது என் கருத்து. தடையால் ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் உள்ள சொத்துகள் முடங்கும், அந்நாடுகளுக்குள் நுழைய முடியாது. அண்டை நாடான போலந்துக்குள் ஆளுநர் கரானிக் கால்வைக்க இயலாமல் போயிற்று. ஆனால் உள்நாட்டில் அவருடைய வளர்ச்சி நிற்கவில்லை. கரானிக் பின்னர் தேசிய அறிவியல் கழகத்தின் தலைமைப் பொறுப்புக்கும் வந்தார்.

க்ரோத்னோவில் அவருக்குப் பின் ஆளுநரானவர் யூரி கராயேவ். 2020 ஆகஸ்டில் உள்துறை அமைச்சராக இருந்தவர் அவர். அவ்வாண்டு அக்டோபர் முதலே ஐரோப்பியத் தடைப் பட்டியலில் உள்ளவர். காவலில் நடந்த கொடுமைகள் பற்றி வந்த ஆயிரக்கணக்கான முறையீடுகள் மீது குற்ற வழக்குப் பதிவதில்லை என்று பெலாரூஸின் புலனாய்வுக் குழு 2021-இலேயே முடிவு செய்துவிட்டது.