களை பிடுங்கும் கைக்கும் அழைத்தல் உண்டு

(தொழிலாளரான புனித யோசேப்பு திருநாளில், வன்னிப் பங்கு ஒன்றில் ஆற்றிய உரை)

மதிப்புக்குரிய பங்குத்தந்தை அவர்களே, அருட்சகோதரிகளே, விடுமுறை நாளையும் எங்களுக்காகத் தந்த கிராம அலுவலர் அவர்களே, வாய்க்கால் தண்ணீர்ப் பிரச்சினையை அரைவழியில் விட்டுவிட்டு ஓடிவந்த கமக்காரர் அமைப்புத் தலைவர் ஐயா அவர்களே, மாதர் சங்கத் தலைவி அக்கா, கதிரைகளை உழவு இயந்திரத்தில் ஏற்றிவந்து தனியாளாக இறக்கிய தம்பி, உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

அழைத்தல், ஓய்வு, கூலி என்று மூன்று விடயம் பேச வந்திருக்கிறேன்.

மே 1ஐ இந்தத் திருநாளாக 1955இல் அறிவித்தவர் திருத்தந்தை 12ஆம் பத்திநாதர். ஆனாலும் எங்கள் ஊரில் ‘அவனுக்கு அழைத்தல் இருக்கு’ என்றால் குருமடம் போகிற பிள்ளையைத்தான் சொல்வோம். மண்வெட்டியோடு போகிறவனை யாரும் அப்படிச் சொல்வதில்லை. விவிலியத்தில் தொடக்கநூலின் 2ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். ஏதேன் தோட்டத்தைப் பண்படுத்திப் பாதுகாக்கத்தான் கடவுள் மனிதனை அங்கே வைக்கிறார். முள்ளும் நெற்றி வியர்வையும் 3ஆம் அதிகாரத்தில்தான் வருகின்றன. பாவம் வருமுன்பே வேலை வந்துவிட்டது.

‘உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது’ என்று அப்பா ஓயாமல் சொல்வார். மழை ஏமாற்றினாலும் யானை மிதித்தாலும் அடுத்த காலபோகத்துக்கு விதைநெல் தேடுகிறோமே, எந்தக் கணக்கில்? கணக்கு எப்போதோ தோற்றுவிட்டது. யாரோ கூப்பிடுகிறார், போகிறோம்.

திருத்தூதர் பவுலும் கொரிந்தில் அக்கிலா, பிரிஸ்கில்லா வீட்டில் தங்கிக் கூடாரம் செய்தார். மூவருக்கும் ஒரே தொழில் என்கிறது விவிலியத்தின் திருத்தூதர் பணி நூல். பிரிஸ்கில்லா ஒரு பெண். அதை மனதில் வையுங்கள்.

மீள்குடியேறி நான் விதைத்த முதல் காலபோகம். களை பிடுங்க ஆறு பேர் வந்தார்கள், நாலு பெண்கள், இரண்டு பெடியள். மூத்தவர் ஓர் அக்கா. சேலையை முழங்காலுக்கு மேல் செருகிக்கொண்டு வரம்பில் நின்றார். குனிந்து வயல் தண்ணீரில் விரலை நனைத்துச் சிலுவை அடையாளம் போட்டார், கோயில் வாசலில் தீர்த்தம் தொடுவது போல. அப்புறம்தான் சேற்றில் கால் வைத்தார். கோரையைச் சேற்றோடு இழுத்து, தண்ணீரில் இரண்டு தரம் அலசி, வேர் தெரிய வரம்பில் போடுவார். தேத்தண்ணி கொண்டுபோன நேரம் பார்த்தால் அவருடைய குவியல்தான் பெரியது. பின்னேரம் கூலி கொடுத்தேன். பெண்களுக்குக் குறைத்துத்தான் கொடுத்தேன். ஊர் வழக்கம் அதுதானே! அக்கா காசை எண்ணினார், பெடியனின் கையைப் பார்த்தார். கோபமே இல்லாமல் கேட்டார்: “தம்பி, அப்ப நான் பிடுங்கினதில கொஞ்சத்தைத் திருப்பி நட்டுட்டுப் போகட்டோ?”

பெடியள் சிரித்தார்கள். எனக்கு வாய் வரவில்லை. சிலுவை போட்டு இறங்கிய கைக்கு நான் குறைத்துக் கொடுத்திருக்கிறேன்!

உழும்போது கணக்குப் பார்க்காத நாங்கள், பெண்ணுக்குக் கூலி கொடுக்கும்போது மட்டும் ஏன் இவ்வளவு கணக்குப் பார்க்கிறோம்? அறுவடை செய்தவரிடம் பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது, அது ஆண்டவரின் காதில் விழுகிறது என்று யாக்கோபு எழுதுகிறார். நீதியான கூலியைப் பற்றித் திருத்தந்தை 13ஆம் சிங்கராயர் 1891இலேயே சுற்றுமடல் எழுதினார். எங்கள் மன்னார் மறைமாவட்டம் உருவான அதே 1981இல் திருத்தந்தை 2ஆம் யோவான் பவுல் உழைப்பைப் பற்றியே ஒரு சுற்றுமடல் எழுதினார். எங்கள் வரம்புக்கு மட்டும் இன்னும் வந்து சேரவில்லை.

ஓய்வைப் பற்றி இன்னொரு நாள் பேசலாம், சாமியார் மணியைப் பார்க்கிறார்.

சிறுபோகத்துக் களை நெருங்குகிறது. கச்சான் பிடுங்கும் காலமும் வரும். தலைவர் ஐயா, அடுத்த கூட்டத்தில் இதைத் தீர்மானமாக எடுங்கள்: ஒரே வயல், ஒரே நேரம், ஒரே கூலி. பங்குமனை மேசையில் ஒரு கொப்பி வைத்திருக்கிறேன். சம்மதிக்கிற கமக்காரர் போகும்போது பெயரை எழுதிவிட்டுப் போங்கள். முதல் வரியில் என் பெயர் இருக்கிறது.