நடந்த கால் சீதேவி
(மூத்த குடிமக்கள் சங்க ஆண்டு விழாவில் பேசியது)

தலைமை ஏற்றிருக்கும் ஓய்வுபெற்ற தாசில்தார் ஐயா அவர்களே, முன்னிலை வகிக்கும் கவுன்சிலர் அம்மா அவர்களே, எனக்குச் சால்வை போர்த்திய செயலாளர் தம்பி அவர்களே, மைக் செட்டுக்குக் காசு வாங்க மறுத்துவிட்ட அன்பர் அவர்களே, முன்வரிசையில் இருக்கும் என் பழைய மாணவர்களே! உங்களுக்கே தலை நரைத்துவிட்டது, அதைப் பார்க்கத்தான் எனக்குப் பகீரென்கிறது. எல்லோருக்கும் வணக்கம்.

மூன்று விஷயம் சொல்ல வந்தேன். இதயத்துக்குள் மைட்டோகாண்ட்ரியா, அதாவது செல்லுக்குள் இருந்து சக்தி தயாரிக்கும் குட்டி அடுப்பு, என்ன செய்கிறது, வயதானால் அதற்கு என்ன ஆகிறது, மூன்றாவது சாப்பாடு.

இதயத் தசைச் செல்லில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இடம் மைட்டோகாண்ட்ரியாவுக்குத்தான். நாளைக்குச் சுமார் ஒரு லட்சம் தடவை துடிக்கிற உறுப்பு. ஞாயிற்றுக்கிழமை லீவு கிடையாது. வேண்டிய ஏடிபியை, அதாவது செல்லை ஓட்டும் எரிபொருளை, அவ்வப்போது தயாரித்தே தீர வேண்டும், ஸ்டாக் வைக்க வழியில்லை. வயது ஏற ஏறப் பழுதான மைட்டோகாண்ட்ரியா தேங்குகிறது. திரி கருகிய மண்ணெண்ணெய் ஸ்டவ் மாதிரி: எண்ணெய் குடிக்கும், சூடு வராது, புகை மட்டும் வரும். பழுதானதைச் செல்லே தின்று அப்புறப்படுத்தும். அந்தத் துப்புரவு நடக்கும் விதத்தை ஈஸ்ட்டில் கண்டு சொன்ன ஜப்பான் விஞ்ஞானி யோஷினோரி ஓசுமிக்கு 2016இல் நோபல் பரிசு கிடைத்தது. வயதானால் துப்புரவும் மந்தம். எலிகளை ஓடவிட்டுப் பார்த்த ஆய்வுகளில் பயிற்சி அதை முடுக்கிவிடுகிறது, புது மைட்டோகாண்ட்ரியா உருவாகவும் தூண்டுகிறது. என் அப்பத்தா பள்ளிக்கூடம் போனதில்லை. ஆனால் சொல்லும்: இருந்த கால் மூதேவி, நடந்த கால் சீதேவி.

அமெரிக்காவில் டல்லாஸ். 1966. இருபது வயதுப் பையன்கள் ஐந்து பேரை மூன்று வாரம் கட்டிலில் படுக்க வைத்தார்கள். நம் வீட்டுப் பையன்களுக்கு இது சொர்க்கம், காசு கொடுத்துக்கூடப் படுப்பார்கள்! (சிரிப்பு) எழுந்தபோது உடம்பு ஆக்ஸிஜனைப் பயன்படுத்தும் திறன் கால்பங்குக்கு மேல் போயிருந்தது. அதே ஐந்து பேரை முப்பது வருஷம் கழித்துத் தேடிப் பிடித்தார்கள். சராசரி எடை 77 கிலோவிலிருந்து 100. தொப்பை, வழுக்கை எல்லாம் நானே சேர்த்துக்கொள்கிறேன். சோதித்தால், முப்பது வருஷ மூப்பு செய்த சேதத்தைவிட அந்த மூன்று வாரக் கட்டில் செய்த சேதம் அதிகம்! மறுபடி சொல்கிறேன், பின்வரிசைக்குக் கேட்கட்டும்: முப்பது வருஷத்தைவிட மூன்று வாரம்! பிறகு ஆறு மாதம் நடை, மெல்லோட்டம், சைக்கிள். இருபது வயதில் படுக்கப்போகும் முன் இருந்த திறன் திரும்பியது. அந்த மீட்சி பெரும்பாலும் தசைகள் ஆக்ஸிஜனை உறிஞ்சும் திறனால் வந்தது, இதயம் அவ்வளவு மாறவில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். இருந்த கால் மூதேவி!

இதயமும் மாற வேண்டுமானால் முன்கூட்டியே தொடங்க வேண்டும். அதே ஊரில் 2018இல் வெளியான ஆய்வில், 45 முதல் 64 வயதுக்காரர்கள் இரண்டு வருஷம் பயிற்சி செய்ய, விறைத்திருந்த இதயம் நெகிழ்ந்தது. அதற்கு முந்தைய வேறோர் ஆய்வில், எழுபதை ஒட்டிய வயதில் தொடங்கியவர்களுக்கு அந்த அளவு நெகிழவில்லை. ஆகவே உங்கள் மகன்களைக் கூட்டி வாருங்கள்.

எங்கே நடப்பது என்கிறீர்களா? அங்கேதான் வருகிறேன். நம் தெருக்கோடி மைதானத்துக் கேட்டில் ஐந்து மாதமாகப் பூட்டு. போன வாரம் நாங்கள் நாலு பேர் மெயின் ரோட்டில் நடந்தோம். தண்ணி லாரி ஒருவர் செருப்பைக் கொண்டுபோய்விட்டது. கவுன்சிலர் அம்மா இங்கேயே இருக்கிறார்கள். காலை ஐந்திலிருந்து ஏழு வரை அந்தக் கேட்டைத் திறந்துவிட்டால் போதும்.

சாப்பாடு பற்றி... தலைவர் சீட்டு அனுப்புகிறார், டீ ஆறுகிறதாம். மனு வாசல் மேசையில் இருக்கிறது, பேனாவை நூலில் கட்டி வைத்திருக்கிறோம். கையெழுத்துப் போட்டுவிட்டு டீயை எடுங்கள்.